வெறும் காத்துத்தான், மச்சான்

மச்சான் என் மேசைக்கு வரும்போது இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டுதான் வருவான். கிறீஸ் பிடித்த கைகள். என் கடதாசிகளில் ஒரு விரல் பட்டாலும் கறை பிடித்துவிடும் என்ற பயம் அவனுக்கு. கட்டிய கையோடு குனிந்து, கோவிலில் மாதா சுருவத்தைப் பார்ப்பதுபோல நான் எழுதிய எண்களைப் பார்ப்பான். ஒன்றும் விளங்காது. ஆனாலும் கடைசி வரிவரை பார்ப்பான். “இதெல்லாம் சரியா வருமா?” என்று கேட்பான். “வராட்டி என்னட்ட ஏன் வந்தனீ?” என்பேன் நான். அதற்குச் சிரிப்பான். என் கணக்கில் பிழை வரும் என்று நினைத்து அவன் கேட்டதே இல்லை. எனக்குப் பெருமையாக இருக்கட்டும் என்று கேட்டிருக்கிறான். அதுகூட இப்போதுதான் எனக்கு விளங்குகிறது.

கொட்டாஞ்சேனையில் ஒரே ஒழுங்கையில் வளர்ந்தவர்கள் நாங்கள். ஒரே பள்ளிக்கூடம், ஒரே கோவில், ஒரே கிரிக்கெட் மட்டை. பிறகு என் தங்கச்சியை அவன் கட்டினான். தங்கையின் கணவனை மரியாதையாக ‘அவர்’ என்று சொல்லவேண்டும் என்று அம்மா பிடிவாதம் பிடித்தா. ஒரு கிழமை சொல்லிப் பார்த்தேன். நான் ‘வாங்கோ’ என்றதும் அவன் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்த சிரிப்பில் அம்மாவே கைவிட்டுவிட்டா. கடைசிவரை அவன் எனக்கு ‘அவன்’தான், நான் அவனுக்கு ‘மச்சான்’தான்.

பம்பலப்பிட்டியில் குழாய்க் கிணறு தோண்டிக் கொடுக்கும் ஒரு கம்பனியில் நான் மதிப்பீட்டாளனாக இருந்தேன். எவ்வளவு குழாய், எவ்வளவு சீமெந்து, எத்தனை நாள் என்று முன்கூட்டியே கணக்கிட்டுச் சொல்வது என் வேலை. துறைமுகத்தில் கப்பல் திருத்தும் பிட்டராக இருந்த மச்சானை அங்கிருந்து எங்கள் கம்பனிக்குக் கூட்டி வந்தவன் நான்தான். கப்பலின் அடித்தளத்துக்குள் இறங்கி ஏறும் வேலை ஆபத்து என்று தங்கச்சி தினமும் முறையிட்டுக்கொண்டிருந்தாள். கிணறு வெளிக்காற்றில் தோண்டுகிற வேலை, பயப்பட ஒன்றுமில்லை என்று அவளுக்கு நான் சொன்னேன். எனக்கு எப்போதுமே எல்லாம் தெரியும் அல்லவா!

துறைமுகத்திலிருந்து அவன் ஒரு பழக்கத்தைக் கூடவே கொண்டுவந்தான். மூடிக் கிடந்த எந்த இடத்துக்குள்ளும், அது தண்ணீர்த் தாங்கியோ குழியோ, இறங்குவதற்கு முன் ஒரு குப்பி விளக்கைக் கொளுத்திக் கயிற்றில் கட்டி இறக்குவான். விளக்கு அடிவரை போய் எரிந்துகொண்டிருந்தால் இறங்குவான். அணைந்தால் இறங்கமாட்டான். கப்பலுக்குள் மூச்சு நின்று செத்த இரண்டு பேரைத் தன் கண்ணால் கண்டவன் அவன். ஒரு மீன் டின்னில் ஓட்டை போட்டு, காற்று அடித்தால் அணையாதபடி அந்தக் குப்பிக்கு ஒரு கூடு செய்து வைத்திருந்தான். பின்னேரங்களில் அதற்குத் திரி வெட்டி எண்ணெய் விட்டு வைப்பது தங்கச்சியின் வேலை. எங்கள் ஆட்கள் அவனைக் கேலி செய்வார்கள். “ஐயர் பூசைக்கு வெளிக்கிட்டாச்சு” என்பார்கள். அவன் கோபிக்கவே மாட்டான். முழங்காலில் நின்று, கயிற்றை மெல்ல மெல்ல விட்டு, தலையைச் சரித்துக் கீழே பார்த்துக்கொண்டிருப்பான். எங்கள் கம்பனியில் இருந்தவர்களில் அவனைப்போலக் கவனமான மனிதன் ஒருவனும் இல்லை. இதை நான் அழுத்திச் சொல்லக் காரணம் உண்டு.

எழுபதுகளின் கடைசியில் இரத்மலானையில் ஒரு தொழிற்சாலைக்குக் கிணறு தோண்டினோம். குழந்தைகளுக்கான மாவுணவு செய்கிற இடம். அந்தப் பக்கத்து மேல்மண்ணில் உப்புத் தண்ணீர். ஆழத்தில் உள்ள நல்ல தண்ணீரோடு அது கலக்காமல் இருக்க, கிணற்றுக்குள் இறக்கும் இரும்புக் குழாயின் ஒவ்வொரு பொருத்தும் இறுக்கமாக இருக்கவேண்டும். கசிவு இருக்கிறதா என்று பார்க்கக் குழாயை மேலும் கீழும் அடைத்து, உள்ளே காற்றை அழுத்தி ஏற்றி, நாலு மணி நேரம் அழுத்தம் குறையாமல் நிற்கிறதா என்று கேஜைப் பார்ப்போம். வழக்கமாகக் கம்பிரசர் காற்றுத்தான். ஆனால் அதில் எண்ணெய் வாசம் வரும், குழந்தைச் சாப்பாடு செய்கிற தண்ணீருக்கு அது ஆகாது, நைட்ரஜனால்தான் சோதிக்கவேண்டும் என்று தொழிற்சாலைக்காரர்கள் எழுதியே கொடுத்துவிட்டார்கள். எங்கள் கம்பனியில் ஒருவரும் அதுவரை நைட்ரஜனைத் தொட்டதில்லை. எத்தனை போத்தல், அதாவது சிலிண்டர், வேண்டும் என்று முதலாளி என்னைக் கேட்டார்.

அந்தக் கணக்கை நான் ரசித்து ரசித்துப் போட்டேன். எட்டு அங்குலக் குழாய், இருநூறு அடி. உள்ளே கொள்ளக்கூடியது எழுபது கன அடி. அதைச் சதுர அங்குலத்துக்கு நூற்றைம்பது இறாத்தல் அழுத்தத்துக்குக் கொண்டுவர, ஏற்கெனவே உள்ளே இருக்கும் காற்றுக்கு மேலே இன்னும் பத்து மடங்கு, அதாவது எழுநூறு கன அடி நைட்ரஜன் போகவேண்டும். ஒரு இரும்புப் போத்தலில் இருநூற்று நாற்பது கன அடி இருக்கும். எழுநூறை இருநூற்று நாற்பதால் பிரித்து மூன்று போத்தல் என்று சொல்லிவிடுவது வேறு ஆட்களின் வேலை. போத்தலில் இருப்பது முழுவதும் வெளியே வராது. குழாயின் அழுத்தமும் போத்தலின் அழுத்தமும் ஒன்றானதும் ஓட்டம் நின்றுவிடும், மிச்சம் உள்ளேயே கிடக்கும். அந்த மிச்சத்தையும் கழித்து, ஹோஸில் போகும் சேதத்தையும் சேர்த்து, ஐந்து போத்தல் என்று எழுதினேன். முதலாளி அந்தத் தாளைத் தூக்கிப் பிடித்து, ‘இப்பிடித்தான் கணக்குப் போடோணும்’ என்று எல்லாருக்கும் காட்டினார். மச்சான் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு பார்த்தான். “அஞ்சு காணுமா?” என்றான். “மிஞ்சும்” என்றேன்.

போத்தல்கள் வந்து இறங்கியதும் சிக்கல் தொடங்கியது. ‘கேஸ்’ என்ற சொல்லைக் கேட்டதுமே வேலையாட்கள் ஒதுங்கி நின்றார்கள். கேஸ் என்றால் பற்றும், வெடிக்கும் என்றுதான் அவர்களுக்குத் தெரியும். இரண்டு பேர் வேலைக்கே வரமாட்டோம் என்றார்கள். வேலை நின்றுவிடும் என்று முதலாளி என்னை இரத்மலானைக்கு அனுப்பினார். நான் போய் எல்லாரையும் கூட்டி வைத்துப் பேசினேன். நாம் மூச்சு விடுகிற காற்றில் ஐந்தில் நாலு பங்கு இதுதான், பற்றாது, வெடிக்காது, மணக்காது, நஞ்சும் இல்லை என்றேன். சிங்களத்தில், “நிக்கங் ஹுலங் விதரய்” என்றேன். தமிழில், “இது வெறும் காத்துத்தான்” என்றேன். இரண்டு மொழியிலும் எல்லாக் காற்றுக்கும் ஒரு சொல்தான். வெளியே வீசுகிறதும், மூச்சில் போகிறதும், போத்தலில் அடைத்து வருகிறதும் எல்லாம் ஒரே காற்று நமக்கு. ஆட்கள் சிரித்தார்கள். ஒருவன் போத்தலைத் தட்டிப் பார்த்துவிட்டு, காற்றையும் விற்கிறார்களா என்று கேட்டான். பயம் போய்விட்டது. நைட்ரஜன் என்ற அந்த அந்நியச் சொல்லை நான் அப்படியே விட்டிருந்தால் அவர்கள் பயந்துகொண்டே இருந்திருப்பார்கள். பயம் இருந்திருந்தால் மச்சான் இருந்திருப்பான்.

எல்லாரும் கலைந்த பிறகு மச்சான் மட்டும் நின்றான். கிணற்றின் வாய் நிலமட்டத்தில் இல்லை. பம்பு வைப்பதற்காக ஒன்பது அடி ஆழத்தில் கொங்கிறீற் குழி ஒன்று கட்டி, அதன் அடியில்தான் குழாயின் தலை இருந்தது. வால்வும் கேஜும் அங்கேதான். ஏணியில் இறங்கித்தான் திறக்கவேண்டும், மூடவேண்டும். அந்தக் குழியைக் காட்டிக் கேட்டான்.

“மச்சான், இதுக்குள்ள இறங்கக்குள்ள விளக்கு இறக்கிப் பாக்கோணுமா?”

நான் சிரித்தேன். பத்துப் பேருக்கு முன்னால் வெற்றியாகப் பேசி முடித்த களிப்பு எனக்கு. “வெறும் காத்துக்கு விளக்கு பிடிக்கிற ஆளை இண்டைக்குத்தான் காணுறன். அந்த மீன் டின்னை வீட்டில வச்சிட்டு வா. தொழிற்சாலைக்காரன் கண்டா எங்களைப் பட்டிக்காட்டான் எண்டு நினைப்பான்.”

அவனும் சிரித்தான். “சரி, நீ சொன்னா சரி” என்றான்.

சோதனை நாளன்று நான் பம்பலப்பிட்டிக் கந்தோரில் இருந்தேன். நடந்ததை அவனோடு வேலை செய்தவர்கள் பிறகு சொன்னார்கள். காலையில் அழுத்தம் ஏற்றினார்கள். என் கணக்கு அச்சுப் பிசகவில்லை, நாலாவது போத்தலிலேயே முள் நூற்றைம்பதைத் தொட்டது. நாலு மணி நேரம் முள் அசையவில்லை. கிணறு பாஸ். எல்லாருக்கும் சந்தோசம். மச்சான் குழிக்குள் இறங்கி வால்வைத் திறந்து, உள்ளே அடைத்ததை வெளியே விட்டான். விசில் மாதிரி இரைச்சல், காது கொடுக்க முடியவில்லை என்று ஏறி வந்துவிட்டான். மேலே இருந்து பிளேன்ரீ குடித்தான். நாளைக்குப் படத்துக்குக் கூட்டிப்போவதாகத் தங்கச்சிக்குச் சொல்லியிருப்பதாகக் கதைத்தான். இரைச்சல் நின்றதும் கேஜைக் கழற்ற இறங்கினான். ஏணியின் கடைசிப் படியில் கால் வைத்தவன் அப்படியே குந்தி இருந்துவிட்டான் என்றார்கள். கத்தவில்லை, கையைக்கூட உயர்த்தவில்லை. களைப்பில் இருக்கிறான் என்று நினைத்திருக்கிறார்கள். கூப்பிட்டும் பதில் இல்லாமல் போகவே ஒருவன் இறங்கப் பார்த்தான், பாதியில் தலை சுற்றி ஏறிவிட்டான். கம்பிரசரை ஓட்டி ஹோஸைக் குழிக்குள் விட்டு, ஆளைத் தூக்கி எடுக்க இருபது நிமிடம் ஆனது. முகத்தில் ஒரு கஷ்டமும் தெரியவில்லை. நித்திரை கொள்கிறவன் மாதிரித்தான் இருந்தான். அவன் கை சுத்தமாக இருந்ததை அன்றுதான் கண்டேன், ஆஸ்பத்திரியில் யாரோ கழுவி விட்டிருந்தார்கள்.

அடக்கம் முடிந்து மூன்றாம் நாள் கந்தோருக்குப் போனேன். என் மேசையில் அந்த மதிப்பீட்டின் கார்பன் பிரதி கிடந்தது. அதைத் திருப்பி, பின்பக்கத்தில் குழியின் அளவைப் போட்டேன். ஏழு அடி அகலம், ஏழு அடி நீளம், ஒன்பது அடி ஆழம். நானூற்று நாற்பத்தொரு கன அடி. அதற்குள் நான் அனுப்பிய நைட்ரஜன் எழுநூறு. மூச்சு விடுகிற காற்றை முழுதாக வெளியே தள்ளிவிட்டு, குழி நிரம்பி வழிந்திருக்கிறது. மூன்று எண்களைப் பெருக்குகிற கணக்கு, ஐந்தாம் வகுப்புப் பிள்ளை போடும். உள்ளே எவ்வளவு போகவேண்டும் என்று ஒரு நாள் முழுக்க இருந்து நுணுக்கமாகப் பார்த்தேன். வெளியே விடும்போது அது எங்கே போகும் என்று ஒரு நிமிடம்கூட நினைக்கவில்லை. ஒரு குப்பி விளக்கு அந்தக் குழிக்குள் பாதி தூரம் இறங்குவதற்குள் அணைந்திருக்கும்.

மரண விசாரணையில் என்னைக் கூப்பிட்டார்கள். இந்த வாயுவில் உள்ள ஆபத்தை இறந்தவருக்கு விளக்கிச் சொன்னீர்களா என்று அதிகாரி கேட்டார். தங்கச்சி பின்வரிசை வாங்கில் கறுப்புச் சேலையோடு இருந்தாள். அவளுக்குக் கலியாணம் முடிந்து நாலு வருடம், பிள்ளை இல்லை. ஒருவரும் என்னைப் பொய் சொல்லச் சொல்லிக் கட்டாயப்படுத்தவில்லை. முதலாளிகூட ஒன்றும் சொல்லித் தரவில்லை. அவளுடைய முகத்துக்கு முன்னால் ‘இல்லை’ என்று சொல்ல எனக்கு நா எழவில்லை, அவ்வளவுதான். “ஓம், சொன்னனான்” என்றேன். அதிகாரி எழுதிக்கொண்டார். இறந்தவரின் சொந்தக் கவனக்குறைவால் நேர்ந்த விபத்து என்று முடிவு வந்தது. இதைவிடப் பெரிய அநியாயத்தை நான் என் வாழ்க்கையில் கண்டதில்லை. அதைச் செய்தவனும் நானே.

சோதனை நாள் காலையில் அவன் வேலைக்குப் போன பிறகு, எண்ணெய் விட்ட விளக்கு குசினியில் அடுப்புக்கு மேலே உள்ள தட்டில் அப்படியே இருந்ததைத் தங்கச்சி கண்டிருக்கிறாள். மறந்துவிட்டுப் போய்விட்டான் என்று நினைத்தாள். விசாரணையில் நான் சொன்னதையும் கேட்ட பிறகு அவளுக்குச் சந்தேகமே இல்லை. அழுது ஓய்ந்ததும் அவளிடம் எஞ்சியது கோபம்தான். “அண்ணன் சொல்லியும் கேக்காம, விளக்கையும் விட்டுட்டுப் போன மனுசன்” என்பாள். கலியாணப் படத்தைச் சுவரிலிருந்து கழற்றி அலுமாரிக்குள் வைத்தாள். கொட்டாஞ்சேனையை விட்டு வெள்ளவத்தைக்கு வந்தோம், அவள் பள்ளிக்கூடத்தில் படிப்பித்தாள், ஓய்வும் பெற்றாள். மறுபடி கலியாணம் பேசினேன், மறுத்துவிட்டாள். அன்பினாலா கோபத்தினாலா என்று நான் கேட்கவில்லை. ஒவ்வொரு நவம்பரும் ஆத்துமாக்கள் திருநாளுக்குச் சேமக்காலைக்குப் போவோம். அம்மா அப்பாவின் கல்லறையில் அவள் புல் பிடுங்குவாள், மெழுகுதிரி கொளுத்துவாள். அவனுடைய கல்லறைக்கு வந்ததும் திரியை என் கையில் தந்துவிட்டு இரண்டு அடி தள்ளி நிற்பாள். நான் கொளுத்துவேன். நாற்பது வருடத்துக்கு மேலாக அந்தத் திரியை வாங்கிய கை இது.

நான் பொய் சொல்லவில்லை, அது காற்றுத்தானே என்று எனக்குள்ளேயே வழக்காடிப் பார்த்திருக்கிறேன். பாவசங்கீர்த்தனத்தில் சுவாமியிடம் சொல்லியும் பார்த்தேன். கடவுள் மன்னிப்பார் என்றார் அவர். கடவுளோடு எனக்கு ஒரு பிரச்சினையும் இருக்கவில்லை.

போன வருடம் ஒக்டோபர் கடைசியில், ஒரு பின்னேரம் அவளுடைய வீட்டுக்குப் போனேன். நான் இருப்பது பக்கத்து ஒழுங்கையில்தான். மரித்தவர்களுக்கான பூசையில் வாசிக்கக் கோவிலில் தருகிற தாளில் பெயர்களை எழுதிக்கொண்டிருந்தாள். அப்பா, அம்மா, பெரியப்பா, கூடப் படிப்பித்த ஒரு ரீச்சர். எழுதி முடித்து மடித்தாள். அவன் பெயர் வழக்கம்போல இல்லை. “அவன்ர பேரையும் போடேன்” என்றேன், ஒவ்வொரு வருடமும் கேட்பதுபோல.

“என்னத்துக்கு? தன்ர உயிரில அக்கறையில்லாத மனுசனுக்கு நான் என்னத்துக்கு வேண்டுறது?” என்றாள். அவளுக்கு எழுபது தாண்டிவிட்டது. குரலில் அந்தக் கோபம் அப்படியே இருந்தது.

அப்போது சொல்லிவிட்டேன். குழியை, கணக்கை, வெறும் காற்று என்று சொன்னதை. விளக்கு இறக்கவா என்று அவன் கேட்டதை, நான் சிரித்ததை, வீட்டில் வைத்துவிட்டு வா என்று சொன்னதை. விசாரணையில் நான் சொன்ன அந்த ஒரு சொல்லை. சொல்லி முடிக்கக் கால் மணி நேரம்கூட ஆகவில்லை. என்னை ஏசுவாள், அடிப்பாள், வீட்டை விட்டுத் துரத்துவாள் என்று எத்தனையோ வருடமாக நினைத்துப் பார்த்து, அதற்கெல்லாம் தயாராக இருந்தேன். அவள் என்னைப் பார்க்கவே இல்லை.

“அவர் மறக்கேல்லையா?” என்று கேட்டாள்.

“இல்ல.”

“கேட்டவரா? இறக்கிப் பாக்கவா எண்டு கேட்டவரா?”

“ஓம். கேட்டவன்.”

பேனையை மூடி மேசையில் வைத்தாள். பிறகு, “அப்ப நான் இவ்வளவு காலமும் ஆரோட கோவமா இருந்தனான்?” என்றாள். என்னிடம் கேட்கவில்லை. பதில் வேண்டியும் கேட்கவில்லை. “ஒரு திரிகூடக் கொளுத்தேல்லையே நான். ஒரு நாள் கிட்டப் போய் நிக்கேல்லையே” என்றாள். மடித்த தாளைப் பிரித்தாள். எல்லாப் பெயர்களுக்கும் மேலே, இடம் போதாமல் சரித்து, அவன் பெயரை அவனுடைய அப்பாவின் பெயரோடு சேர்த்து முழுதாக எழுதினாள். எழுந்துபோய்ச் சேலை மாற்றிக்கொண்டு வந்தாள். மழை இருட்டிக்கொண்டு வந்தது. சேமக்காலைக்குப் போக ஒரு த்ரீவீல் பிடித்து வரவா, நானும் கூட வரவா என்று கேட்டேன்.

“நீங்க வர வேணாம்” என்றாள். “இண்டைக்கு அவரோட நான்தான் கதைக்கோணும். நீங்க நாளைக்குப் போங்க.”

குடையை எடுத்துக்கொண்டு படி இறங்கினாள். முழங்கால் வலிக்காரி, ஒவ்வொரு படியாகத்தான் இறங்குவாள். அவள் தெருவுக்குப் போய்ச் சேரும்வரை நான் கதவடியில் நின்றேன்.

அடுத்த நாள் காலை கொட்டாஞ்சேனைக்குப் போனேன். நாங்கள் விளையாடிய ஒழுங்கை இப்போது மாடிக் கட்டடங்களால் அடைபட்டுக் கிடக்கிறது. சேமக்காலைச் சுவர் மட்டும் அன்று மாதிரியே இருக்கிறது. அவனுடைய கல்லறையில் ஒரு புல்கூட இல்லை, கல்லைக் கழுவித் துடைத்திருந்தாள். காவல்காரர் கிட்ட வந்து, “நேத்து ஒரு அம்மா வந்து மழைக்குள்ள குடையைப் பிடிச்சுக்கொண்டு நேரம் போற வரைக்கும் இருந்தவ, ஐயா. யாரோ பக்கத்தில இருக்கிற மாதிரிக் கதைச்சுக்கொண்டே இருந்தவ. ஒருக்கா சிரிச்சவ கூட” என்றார். அவர் போகும்வரை காத்திருந்தேன்.

பிறகு, அந்த விசாரணை அதிகாரிக்கு நான் அன்று சொல்லியிருக்கவேண்டிய பதிலை அவனிடம் சொன்னேன். “இல்ல மச்சான். நான் உனக்குச் சொல்லேல்ல.”